துடைத்த துவரை

அக்கா, இன்று காலை இங்கே தாம்பரத்தில் மளிகைக் கடைக்குப் போனேன். துவரம்பருப்பு மூட்டைக்குள் கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தேன். "இன்னா சார், பச்சையாவே துன்றீங்க?" என்று கடைக்காரர் சிரித்தார். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் போகவில்லை.

உத்திரமேரூர் பருப்பு மில்லில் உனக்குக் களத்து வேலை, எனக்குக் கோணி தைக்கிற வேலை. காலனியிலிருந்து ஒரே பஸ்ஸில் வருவோம். துவரையை ஊறவைத்து, செம்மண் குழம்பில் புரட்டிக் களத்தில் காயப்போடுவீர்கள். காய்ந்ததா என்று சொல்ல உன் பல்தான். ஒன்றை எடுத்து, கட்டைவிரலால் மண் போகத் தேய்த்துக் கடிப்பாய். 'கடக்' என்று உடைந்தால் மெஷினுக்குப் போகும். நசுங்கினால் இன்னொரு நாள் காயும். உன் பல்லை நம்பிய முதலாளி, தண்ணீர்ப் பானையை மட்டும் நம்மைத் தொடவிட்டதில்லை. மேலேயிருந்து ஊற்றுவார்கள், கையேந்திக் குடிப்போம். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. பழங்கதை இல்லை.

ஒரு நாள் காஞ்சிபுரத்து வியாபாரி லாரியோடு வந்து நின்றார். அன்றே உடைத்துத் தரவேண்டுமாம். நீ கடித்துப் பார்த்தாய்.

"ஈரம் கீது மொதலாளி. இன்னும் ஒரு வெயிலு காயணும்."

"இன்னாயா, இங்க மொதலாளி நீயா, அந்தப் பொம்பளையா?" என்றார் வியாபாரி.

முதலாளி முகம் கறுத்தது. குவியலின் மேலிருந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். உடைந்தது. "காஞ்சிதான் கீது. அள்ளிப் போடு. இஷ்டம் இல்லன்னா நாளைலேர்ந்து வராத."

ஈரத்தோடு போட்டால் தோல் கழலாது, பருப்பு நசுங்கும். பழி உன் மேல் விழும். போடாவிட்டால் வேலை போகும். வீட்டில் மூன்று பிள்ளைகள். நீ குரலை உயர்த்தவில்லை. குவியலின் அடியில் கையை விட்டு ஒன்றை எடுத்தாய். மண் போகத் தேய்த்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினாய்.

"இத்த கட்ச்சிப் பாரு மொதலாளி."

பானையைத் தொடவிடாத மனிதர் உன் கையிலிருந்து எடுத்து வாயில் போட வேண்டும். எடுத்தார். வேட்டியில் துடைத்தார். கடித்தார். சத்தமே வரவில்லை. துப்பிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார் வியாபாரியிடம்.

பஸ்ஸில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "செயிச்சிட்டக்கா" என்றேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாய்: "மண்ணதான் நானே தேச்சிட்டனே தம்பி. அவன் இன்னாத்த தொடச்சான்?"

பதில் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து, என் கையிலிருந்து எதையாவது வாங்குகிறவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றும் பார்த்தேன். மூட்டையிலிருந்து இன்னொரு பருப்பை எடுத்து, "நீங்களும் கடிச்சுப் பாருங்க" என்று கடைக்காரரிடம் நீட்டினேன். துடைக்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். நான் எந்த ஊர், எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியாது அக்கா.