ஏழில் மிஞ்சிய கடை

ஜூன் 3, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். ரேக்கெல்லாம் தூசி தட்டியாச்சு. மதியம்வரை வியாபாரம்: ஒரே ஒரு நைட்டி.
முதலாளி வந்தார். உட்காரக்கூட இல்லை. "செல்வி, ஞாயித்துக்கிழமையோட இதையும் மூடிடலாம்மா. பொண்ணுங்ககிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."
ஏழு கிளை இருந்தது. ஆறு போய், முதன்முதலில் திறந்த இந்த ஸ்ரீராம்புரம் கடை மட்டும் பாக்கி. இதுவும் போச்சு.
லட்சுமி, ஷீலா, கவிதா மூவரும் என் தெருப் பெண்கள். "நான் பார்த்துக்கறேன்" என்று அவர்கள் அம்மாக்களுக்கு வாக்குக் கொடுத்து அழைத்து வந்தவள் நான். எந்த முகத்தோடு சொல்ல?

ஜூன் 4, புதன்
சொல்லவில்லை. தலைவலி. மாத்திரை வாங்கணும். கேஸ் புக் பண்ணணும்.
நாள் முழுக்கப் பழைய நினைப்பு. அப்போதெல்லாம் எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய துணியை மூட்டையோடு தரையில் கொட்டுவோம். பெண்கள் சப்பணமிட்டு உட்கார்ந்து கிளறுவார்கள். அடியில் நல்லது ஏதோ கிடக்கிறது என்ற ஆசை. ஒரு சுடிதாருக்கு இரண்டு பேர் இழுபறி. அந்தக் குவியல்தான் ஏழு கடையாச்சு.
பிறகு ஏசி, கண்ணாடிக் கதவு, ஹேங்கர். விலை அதே விலைதான். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்த ஒரு அம்மா, "பேட பேட, இங்க ரேட் ஜாஸ்தி இருக்கும், வா" என்று கன்னடம் கலந்து வேண்டாமெனச் சொல்லி மகளை இழுத்துக்கொண்டு போனாள். அப்படி எத்தனை பேர்!
ஹேங்கரில் மாட்டினால் கௌரவமாக இருக்கும் என்று முதலாளிக்கு யோசனை சொன்னது நான்தான். வெளியில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஜூன் 6, வெள்ளி
வழக்கம்போல் கடையில் பூஜை. கற்பூரம் காட்டும்போது லட்சுமி என்னையே பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சாம்பிராணி தீர்ந்துபோச்சு" என்று வந்தது. பயந்தாங்கொள்ளி.

ஜூன் 8, ஞாயிறு
வெயில். மூன்று மணிக்கு மூவரையும் ட்ரையல் ரூம் பக்கம் கூப்பிட்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அழுதது நான் மட்டும்.
லட்சுமி தண்ணீர் கொடுத்தாள். "போன வாரமே தெரியும்க்கா. முதலாளி டிரைவர் சொல்லிட்டாரு. ஒரு மால்ல மூணு பேருக்கும் வேலை ஆயிடுச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் முழிச்சிட்டிருந்தோம்."
சந்தோஷம்தான். சத்தியமாக. மூக்கைத் துடைத்துக்கொண்டு, அங்கே இன்னொரு ஆள் எடுப்பார்களா என்று கேட்டேன்.
ஷீலா தரையைப் பார்த்தாள். "முப்பது வயசுக்குள்ளதான் கேக்கறாங்கக்கா."
எனக்கு வருகிற ஆவணியில் நாற்பத்தொன்பது.