முத்துசெல்வம் நிறுத்திய இடம்

நேற்று கணவன் சண்முகராஜ் திட்டியது பத்திரகாளிக்கு இன்னும் ஆறவில்லை. தூசி துடைக்கிறேன் என்று டிவி பிளேயரிலிருந்த புளூரே டிஸ்க்கை அவள் வெளியே எடுத்துவிட்டாள். வண்டி விபத்தில் இறந்துபோன மகன் முத்துசெல்வம் பாதியில் நிறுத்தியிருந்த சூப்பர் ஹீரோ படம் அது. டிஸ்க்கை எடுத்ததும், அவன் நிறுத்திய இடத்தை பிளேயர் மறந்துவிட்டது. காலையில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குக் கிளம்புமுன் அவனுக்குக் காலண்டர் தாளில் எழுதினாள்:

“சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் மூடி வச்சிருக்கேன். கோவத்துல சாப்பிடாம இருந்துராதீங்க. வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டுல குடுங்க. படம் பூரா ஒரே இருட்டு, இருந்தாலும் தேடிப் பிடிச்சிட்டேன். முகமூடிக்காரன் மழையில மொட்டை மாடியில நிக்கான்லா, அங்கனதான் நம்ம பிள்ளை நிறுத்துனது. அங்கனயே நிறுத்தி வச்சிருக்கேன்.”

அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்:

“மேற்கொண்டு ஓட விட்டுராதீங்க. ‘மிச்சத்தை வந்து பாக்கேம்மா’ன்னு சொல்லிட்டுத்தானே வண்டியை எடுத்தான்.”