எறிகிற தோள்

8 ஜூலை 2009, புதன்

காலையிலிருந்து தூறல். கடைக்கு அரிசி வந்தது. மூட்டைகளை இடக்கையாலேயே இழுத்து இறக்கினேன். முதலாளி கண்டுவிட்டார். "என்னடாப்பா, வலக்கையைக் கோயில் நேர்த்திக்கு விட்டிட்டியோ?" சிரித்துச் சமாளித்தேன்.

மூன்று கிழமையாகத் தோள் சரியில்லை. தலைக்கு மேல் தூக்கினால் கண்ணில் தண்ணீர் வருகிறது. டொக்டரிடம் போனால் ஆடாதே என்பார். போகவில்லை. அமெரிக்கன் ஃபுட்போலில் பந்தை எறிகிறவன்தான் குவார்ட்டர்பேக்; எறிய முடியாதவனை எந்த அணி வைத்திருக்கும்?

9, வியாழன்

பயிற்சி. அணிக்கு வந்திருக்கிற புது ஆள் எறிந்த பந்து பாதி மைதானம் போனது. இருபது வயது. எனக்கு வயிறு எரிந்தது. கோச் தனியே கூப்பிட்டு, இனி எறிவது நானா அவனா என்று ஞாயிறு ஆட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு என்றார்.

கை போனாலும் அணிக்கு நான் பழக்கிவிட்ட நான்கு தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. வலம், இடம், கிட்ட, தூரம். நான் கத்துவதைக் கேட்டு எங்கள் ஆட்கள் ஓடுவார்கள், தமிழ் தெரியாத எதிரணி திருதிருவென்று முழிக்கும். இந்த வருடத்தை ஓட்டியதே அதை வைத்துத்தான்.

ஜெர்மனியில் பதினான்கு வயதில் தொடங்கியது, லண்டனுக்கு வந்தும் விடவில்லை. இதுவும் போனால் நான் கடையில் நிற்கிறவன், அவ்வளவுதான். பயமாக இருக்கிறது.

11, சனி

வெயில். கடையில் ஊர்க்கதைதான். யுத்தம் முடிந்தும் முகாமில் அடைத்து வைத்திருக்கிற மகனை நினைத்து ஒரு அம்மா அழுதார். பருப்பு நிறுத்தபடி நின்றேன். இந்த நேரத்தில் பந்துக்காகச் சாகிறேனே என்று வெட்கம். ஆனாலும் விட முடியவில்லை.

வாங்க: நோவுக்கு மாத்திரை, பிளாஸ்டர், பற்பசை, மகளுக்குச் சப்பாத்து நாடா.

மகளைப் படுக்கவைத்துவிட்டு வந்து நந்தினி தோளுக்கு எண்ணெய் தேய்த்தாள்.
"உங்களுக்கு விசரே? ஏலாது எண்டு சொல்லுங்கோவன்."
"நாளைக்கு மட்டும்."
"போன கிழமையும் இதைத்தான் சொன்னனீங்கள்."

12, ஞாயிறு

வால்தம்ஸ்டோ அணியுடன். நல்ல காற்று. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"வலம்" என்று கத்தினேன். எதிரணியில் ஒருவன் நேரே வலப்பக்கம் ஓடிப் பந்தைப் பறித்தான். தற்செயல் என்று நினைத்தேன். அடுத்தது "தூரம்". எறிந்ததும் தோள் கழன்ற மாதிரி. "ஐயோ அம்மா" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். அவன் அங்கேயும் நின்றான். ஹெல்மெட்டுக்குள் எங்கள் ஊர் முகம்.

"தமிழோ?"
"ஓம் அண்ணை."

அதோடு என் சொற்கள் செத்தன. பிறகு ஒவ்வொரு முறையும் அவன்தான் என்னைப் பிடித்து விழுத்தினான். ஒரு முறைகூட நோகவில்லை. தோள் தாங்குகிறது என்று எனக்குள் ஒரே சந்தோஷம். தோற்றோம். ஆனால் கோச், விழ விழ எழும்பினாய், அடுத்த ஞாயிறும் நீதான் என்றார். கண் கலங்கிவிட்டது.

கார் நிற்கிற இடத்தில் அவன் வந்தான்.
"அண்ணை, நீங்கள் அம்மா எண்டு கத்தினது கேட்டது. அதுக்குப் பிறகு மற்றத் தோள் பக்கத்தாலதான் பிடிச்சு, மெல்லமா விழுத்தினனான். எங்கட ஆக்களுக்கும் சொன்னனான், இவரை நான் பாக்கிறன் எண்டு. வேற ரீம்காரர் இப்பிடிப் பாத்து விழுத்தமாட்டாங்கள். இனி ஆடாதேங்கோ."

 இதைவிட அவன் என் தோளை அடித்தே முறித்திருக்கலாம்.

13, திங்கள்

மழை. வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் கோச்சுக்குப் போன் எடுத்தேன். ஞாயிறு புது ஆளைப் போடுங்கள் என்றேன். சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை.