மதிய இடைவேளையில் பதிந்த குரல்

பக்கத்தில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் மதியச் சங்கு ஊதியது. மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் இத்தனை வருடம் வேலை பார்த்தும், அந்த அமைதி வந்ததும் என் கை தானாக மைக்கைத் தேடுகிறது. இன்றும் தேடியது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் நம் சாஃப்ட்வேர் ஆபீஸின் மீட்டிங் அறைக்குப் போய், ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். எதிரே நீ உட்காரும் இடத்தில் இப்போது வேறொருவர். அவரைப் பற்றி உன்னிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் உன்னிடமிருந்து தொடங்காமல் அவரிடம் போய்ச் சேர முடியாது.

தொண்டையில் கட்டி என்று தெரிந்த வாரம், இதே அறையில்தான் சொன்னாய். "குரல்பெட்டிய எடுத்துருவாங்களாம்டீ. உயிருக்கு பயமில்லன்னு சொல்றாங்க." உன் குரல் அப்போதே கரகரத்திருந்தது. நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அழுது கிழுது வெக்காத. நைனாவுக்கு இன்னா பண்றது, அத்த சொல்லு."

அதுதான் கேள்வி. உன் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் இரண்டு கண்ணும் போயிருந்தது. முத்தாபுதுப்பேட்டை வீட்டில் நீங்கள் இரண்டே பேர். நீ எழுதிக் காட்டினால் அவரால் படிக்க முடியாது. நீ பேசாவிட்டால், பக்கத்தில் நிற்பது நீதானா என்றுகூட அவருக்குத் தெரியாது. போனில் கிடைக்கும் பேசும் செயலிகளைப் போட்டுக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நியூஸ் படிக்கிற அம்மாவ இட்டாந்து ஊட்ல வுட்டா, நான் அதாண்ட இன்னாத்த பேசறது?"

கிளினிக்குகளில் டோக்கன் எண்ணைக் கூப்பிடும் மென்பொருளைத்தான் அப்போது நாம் எழுதிக்கொண்டிருந்தோம். முன்பே பதிவு செய்த சொற்களை எடுத்துக் கோத்து ஒலிபரப்பும். அதற்குள் உன் குரலைப் போட்டுவிடலாம் என்று சொன்னது நீதான். பிரஸ் ஷாப் ஓடும்போது எதையும் பதிவு செய்ய முடியாது. அதனால் தினமும் மதிய இடைவேளையில், அவர்கள் சாப்பிடும் நேரத்தில், நீ பேசினாய். முதலில் வீட்டில் புழங்கும் சொற்கள்: 'மாத்திரை', 'செருப்பு', 'வெளிய மழை', 'கதவ சாத்து'. பிறகு, விட்டுப்போன சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்வதற்காக, தமிழ் எழுத்துகள் அத்தனையும். 'வா' என்ற சொல்லின் வாலில் வேலை தொடங்கும் சங்கின் முதல் நொடி ஒட்டிக்கொண்டது. மறுபடி பதியலாம் என்றேன். "வுடு, நைனா அந்தச் சங்குக்கு முப்பது வருஷம் ஓடினவரு. கேட்டா ஒடனே வருவாரு" என்று சிரித்தாய்.

டோக்கன் மென்பொருள் எழுத்தை எழுத்தாக வாங்காது. பைட் எனப்படும் சின்னச் சின்ன எண்களாக, ஓர் ஓடையாக, வரிசையில் வந்தால்தான் வாங்கும். கோப்பிலிருந்து வந்தால் அது தானாகவே அப்படி வரும். ஆனால் நீ பேச வேண்டியது கோப்பு இல்லை. அந்த நொடியில் தட்டச்சு செய்யும் ஒரு வரி. அந்த வரியை ஓடை போல வேஷம் கட்டி அனுப்பினால் போதும் என்றாய். எனக்கு விளக்கியது இப்படி: "கொழாயத் தொறந்தா தண்ணி வரணும். மெட்ரோ வாட்டரா, லாரித் தண்ணியா, போரான்னு கொடத்துக்கு இன்னாடீ கவல?" பழைய புராஜெக்ட் ஒன்றில் அதற்கென்றே எழுதி வைத்த ஒரு நிரல் துண்டு, ஒரு கிளாஸ், இருந்தது. அதை எடுத்துப் போட்டாய். நிரல் எழுதும் எடிட்டர் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்துக் காட்டியது, இனி இதைப் பயன்படுத்த வேண்டாம் என்பதற்கு அடையாளமாக. நம் அலுவலகத்தில் அப்படிக் கோடு விழுந்த பெயர்கள் பக்கத்துக்குப் பத்து இருக்கும். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

சோதித்தோம். கோப்பிலிருந்து தமிழ் சரியாகப் பேசியது. தட்டச்சு செய்த வரிகளும் பேசின. ஆனால் அந்த வரிகளை எல்லாம் நாம் ஆபீஸ் சாட்டில் அடிக்கிற மாதிரியே அடித்திருந்தோம்: தமிழை ஆங்கில எழுத்தில். கை அப்படித்தான் பழகியிருந்தது; எந்த எழுத்தில் அடித்தாலும் அதே சொல்லை எடுக்கும்படி பட்டியலும் போட்டிருந்தோம். உனக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. கிண்டல் என்றால் ஆங்கில எழுத்து. மனசிலிருந்து ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நிறுத்தி, கீபோர்டை மாற்றி, தமிழ் எழுத்தில் அடிப்பாய். உன் அம்மா இறந்த அன்று எனக்கு வந்த செய்தி தமிழ் எழுத்தில் வந்தது. இது எனக்குத் தெரிந்திருந்தும், சோதிக்கும்போது இருவருக்குமே அது தோன்றவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து நீ எழுந்து உட்கார்ந்த நாள். கழுத்தில் கட்டு. கட்டிலோரம் ஸ்டூலில் அப்பா. நான் லேப்டாப்பை உன் மடியில் வைத்தேன். நீ கீபோர்டை மாற்றினாய். தமிழ் எழுத்தில் ஒரு வரி அடித்தாய். என்டர் தட்டினாய்.

ஒன்றும் வரவில்லை.

அப்பா காதை நம் பக்கம் சாய்த்தபடியே இருந்தார். மறுபடி தட்டினாய். ஸ்பீக்கரில் ஒரு சின்னக் கொரகொரப்பு, அவ்வளவுதான். "இன்னாமா, இன்னும் ரெடியாவலியா?" என்றார் அவர். அவர் கை கட்டிலைத் தடவி உன் காலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. இனி அந்த வீட்டில் இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

நீ என்னைப் பார்க்கவே இல்லை. வரியைப் பைட் பைட்டாகப் பிரித்து, வந்த எண்களைத் திரையில் ஓடவிட்டாய். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாய். பிறகு சிலேட்டை எடுத்து எழுதி என் முகத்துக்கு நேராக நீட்டினாய்: மேல் பைட்ட காணோம்டீ.

தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் அந்த வரிக்குள் இரண்டு பைட்டாக உட்கார்ந்திருக்கும். மேல் பைட் இது தமிழ் என்று சொல்லும். கீழ் பைட் தமிழில் எந்த எழுத்து என்று சொல்லும். கோடு விழுந்த அந்த கிளாஸ் மேல் பைட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கீழ் பைட்டை மட்டும் அனுப்பியது. ஆங்கில எழுத்துக்கு மேல் பைட்டில் ஒன்றும் கிடையாது. அதனால் நம் சோதனையில் எதுவும் தொலையவில்லை.

"இன்னா எழுதிகீது?" என்று அப்பா கேட்டார். சொன்னேன். "காணாப்போனத்த பொறுமையா தேடுங்க. நான் எங்க போவப் போறேன்? இங்கதான குந்திகினு கீறேன்."

நீ அந்த வரியை அழித்தாய். எழுத்து முழுசாக வரும்படி முதலில் பைட்களாக மாற்றி, பிறகு அந்தப் பைட்களை ஓடையாக்கும் வேறு கிளாஸை வைத்தாய். மூக்கின் மேல் வியர்வை. தட்டினாய்.

"நைனா. டீ குடிச்சியா."

சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, கொஞ்சம் வெட்டி ஒட்டிய மாதிரி. ஆனால் நீ. நர்ஸ் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அப்பா மட்டும் சாதாரணமாக, தினமும் பேசுகிற மாதிரியே பதில் சொன்னார்: "குடிச்சேன், குடிச்சேன். சக்கரயே போடல. நீதான் சொல்லி வெச்சிருப்ப." அப்புறம்தான் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

அதன் பிறகு நீ இருந்த காலம் முழுவதும் அந்தக் குரலால் அவரை மிரட்டினாய், காய்கறி வண்டிக்காரரிடம் சண்டை போட்டாய், என் சமையலைத் திட்டினாய். நோய் மறுபடி வந்தபோதும் அது ஓயவில்லை. நீ எங்களை விட்டுப் போய்ச் சில மாதங்கள் கழித்து அப்பாவிடம் தயங்கிக் கேட்டேன், நான் ஏதாவது அடித்து அந்தக் குரலில் கேட்கட்டுமா என்று. வேண்டாமென்று கையசைத்தார். "அவ சொன்னத்த நான் கேட்டுட்டேன். நீ சொல்றத்த அவ வாயில வெக்காதமா. உனக்குத்தான் வாய் கீதே, நீயே பேசு." ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பேசுகிறேன். உன் குரல் இருக்கும் ஃபோல்டரைத் திறப்பதில்லை.

இப்போது உன் இடத்தில் உட்காருபவர் காட்டுப்பாக்கத்தில் இருக்கும் ஒரு பஸ் கண்டக்டர். உனக்கு வந்த அதே நோய், அதே அறுவை சிகிச்சை, அடுத்த வாரம். அவர் மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பத்து நாளாக மதிய இடைவேளைகளில் பதிவு நடக்கிறது. அப்பா ஆட்டோ பிடித்து வந்து மூலையில் உட்கார்ந்து கேட்கிறார். அவர் சரியென்று தலையாட்டினால்தான் ஒரு சொல் உள்ளே போகும்.

"ஸ்டாப்பிங் பேர் கூவற மாரி கூவாத நைனா. ஊட்ல எப்டி பேசுவ?" என்றார் அப்பா.

"ஊட்லயும் இப்டித்தாம்பா பேசுவேன்."

"ஆமா சார், ஊட்லயும் இப்டித்தான். விசிலு ஒண்ணுதான் அடிக்கமாட்டாரு" என்றார் மனைவி.

இன்று முழுவதையும் கோத்துச் சோதித்தோம். உனக்குப் பிறகு இப்படிக் குரல் பதிய யார் வந்தாலும் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் முதலில் என்ன சொல்வீர்கள், அதை உங்கள் கையால், நீங்கள் எழுதுகிற எழுத்தில் அடியுங்கள். கண்டக்டர் ஒற்றை விரலால் தமிழில் தேடித் தேடி அடித்தார். அவர் வாய் மூடியிருக்க, அவர் குரல் அறைக்குள் கேட்டது: "சாவிய எங்க வெச்ச?"

"எத்தினி வாட்டி சொல்றது, ஆணியில மாட்டிகீதுன்னு!" என்று மனைவி வெடுக்கென்று சொன்னார். சொன்ன பிறகுதான், ஸ்பீக்கருக்குப் பதில் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு கணவரைப் பார்த்தார். அவர் அடுத்த வரியை அடிக்கத் தொடங்கியிருந்தார்.