பின் கதவு இப்போது உள்ளிருந்தும் திறக்கும்

வேண்டாம். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு நீ கிளம்பி வர வேண்டாம். அந்த வண்டியையும் விற்கப்போவதில்லை. இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லியாயிற்று, இனி நிதானமாக எழுதலாம். அன்புள்ள பாப்பா, நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். போன கடிதங்களிலும் இதே வரியைத்தான் எழுதினேன். அப்போது அது பழக்கத்தில் வந்தது. இப்போது யோசித்து எழுதுகிறேன். உன் இருமல் விட்டதா, அந்த மாடி அறையில் கொஞ்சமாவது வெயில் விழுகிறதா, மேலாளர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாரா.

அப்பாவைப் பற்றி உன்னிடம் பாதிதான் சொல்லியிருந்தேன். முதுகில் அறுவை செய்து கால்கள் இரண்டும் சொன்னபடி கேட்காமல் போனதிலிருந்து அவர் தெருவைப் பார்த்து உட்காருவதில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார். உன் மாமா வாசல்படி மேல் பலகை அடித்துச் சரிவு செய்து கொடுத்தான், அதில் பூனை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனைக்குப் போகும் நாளில் வாடகைக் காரின் பின் இருக்கையில் தூக்கி வைப்போம், கண்ணை மூடிக்கொள்வார். கேட்டால் குமட்டுகிறது என்பார். ஊர் ஊராகப் பஸ் ஓட்டிய மனிதருக்குக் காரில் குமட்டுமா. அடுத்தவன் ஓட்டும் வண்டியில் ஒரு மூட்டையைப் போல் போவதைப் பார்க்க அவருக்குச் சகிக்கவில்லை, அவ்வளவுதான். அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர் இப்படித்தான் ஊமையாகிறார்கள்.

ஏலத்துக்கு நான் வண்டி வாங்கப் போகவில்லை. நம் குஷன் கடைக்குப் பழைய இருக்கைச் சட்டங்கள் கிடைக்குமா என்று பார்க்கத்தான் போனேன். போலீஸ் கழித்துப்போட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. ஓர் எஸ்.யூ.வி.யின் ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். உட்காருபவர் சரியாமலிருக்க வெளிப்பக்கத்து ஓரத்தில் வைத்த மேடு பாதி நசுங்கி, உள்ளே ஸ்பாஞ்சு பொடிந்திருந்தது. போலீஸ்காரர் இடுப்பில் துப்பாக்கி, லத்தி அத்தனையும் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஏறி இறங்கினால் அப்படித்தான் ஆகும். பிறகு ஏனோ காலை வெளியே தொங்கப்போட்டேன். அப்போதுதான் உறைத்தது, இருக்கையின் உயரமும் அப்பாவின் சக்கர நாற்காலியின் உயரமும் ஒன்று. கியர் மாற்றும் வேலையும் கிடையாது, எல்லாம் தானாக மாறும் வண்டி. பின்னால் நாற்காலியை மடித்துப் போடத் தாராளமாக இடம். அங்கேயே ஏலம் கேட்டு வாங்கிவிட்டேன். மற்றதெல்லாம் உனக்குத் தெரியும், நீ தொலைபேசியில் கத்தியது உட்பட. உனக்குப் பயம். எனக்கும்தான். உன்னிடம் திட்டு வாங்கியதால் அது கொஞ்சம் குறைந்தது.

அப்பா என்ன சொன்னார் தெரியுமா. "போலீஸ் வண்டில ஏத்துற அளவுக்கு நான் என்ன தப்பு பண்ணேன்" என்று கேட்டார். கையாலேயே ஓட்டும்படி மாற்றலாம், மாமா விசாரித்துவிட்டான் என்றேன். "ஓட்ட முடியாதவனுக்கு எதுக்கு வண்டி, உன் கடைக்கு மெத்தை ஏத்திக்கோ" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவரும்.

இனிமேல்தான் விஷயம். வண்டி வந்த மறுநாள் காலை, கடை வாசலில் மாமாவும் நானும் வேலையைத் தொடங்கினோம். கூரை மேலிருந்த விளக்கையும் கதவில் ஒட்டியிருந்த எழுத்தையும் ஏலக்காரர்களே எடுத்துவிட்டார்கள். ஆனால் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் வெயில் படாததால் பெயின்ட் புதிதாகவே இருந்தது, சுற்றிலும் வெளுத்திருந்தது. தெருமுனையிலிருந்து பார்த்தாலும் போலீஸ் என்று படிக்கலாம். முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் நடுவே கம்பி வலை, சாமான் பக்கமும் கம்பி வலை. பின் இருக்கை கெட்டிப் பிளாஸ்டிக், கழுவிவிட வசதியாக அடியில் துளை. பின் கதவுகள் உள்ளிருந்து திறக்காது. கண்ணாடியும் இறங்காது. பிடித்து ஏற்றியவர்கள் இறங்கி ஓடக்கூடாதல்லவா. அந்தக் கதவை முதலில் சரிசெய் என்று மாமாவிடம் சொன்னேன். "அது சின்ன வேலைதான்க்கா, கடைசில பாத்துக்கலாம்" என்றான்.

புது மெத்தைக்கு அளவெடுக்க நான் உள்ளே ஏறினேன். அளவு நாடாவின் மறுநுனியைப் பிடிக்க அவன் அந்தப் பக்கமாக ஏறினான். குளிர்கிறது என்று நான் என் பக்கக் கதவைச் சாத்தினேன். நாடா எட்டவில்லை என்று அவன் தன் பக்கக் கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்கார்ந்தான். இருவருமே சாத்தினோம், பாப்பா. காற்றின் மேல்கூடப் பழி போட முடியாது. அவனுடைய கருவிப் பை வெளியே தரையில். என் தொலைபேசி தையல் மெஷின் மேல். அவனுடையது பானெட் மேல், அது வேறு அடித்துக்கொண்டே இருந்தது, நாங்கள் கம்பி வலைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கண்ணாடியைத் தட்டினோம். சைக்கிளில் வந்தவர் எங்களைப் பார்த்தார், கதவிலிருந்த எழுத்தைப் பார்த்தார், வேகமாக மிதித்துப் போய்விட்டார். நாயோடு நடந்த பெண் நாயின் முகத்தையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டு போனாள். மாமா கைகூப்பிக் கெஞ்சினான், அதைப் பார்த்ததும் இன்னும் இரண்டு பேர் ஓடினார்கள். "அக்கா, மூஞ்ச கொஞ்சம் நல்லவ மாதிரி வெச்சுக்க, உன்ன பாத்துதான் பயப்படுறாங்க" என்றான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. போலீஸ் வண்டியின் பின் இருக்கையில் இருப்பவர் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது என்பது புரிந்தது. அதே இடத்தில் யார் யாரெல்லாம் அப்படித் தட்டியிருப்பார்கள். சில நொடிகள்தான் அந்த நினைப்பு. பிறகு மாமா தும்மினான்.

எதிர் வீட்டுக்காரரை நினைவிருக்கிறதா, நீ வானொலி என்று பெயர் வைத்தாயே. அவர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தார், மூடினார், பின்வாசல் வழியாக நம் வீட்டுக்கு ஓடினார். அப்பாவிடம் போய், "சார், உங்க வீட்டம்மாவையும் மச்சானையும் போலீஸ் வண்டில ஏத்திட்டாங்க, நான் எதையும் பாக்கல, சாட்சிக்கு மட்டும் என்னக் கூப்பிட்டுறாதீங்க" என்று சொல்லியிருக்கிறார்.

அப்பா பதறிப்போய் வந்திருப்பார் என்றுதானே நினைக்கிறாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தச் சரிவுப் பலகையில் தன்னந்தனியாக நாற்காலியை இறக்கி, தெருவோடு அவர் உருட்டிக்கொண்டு வந்தார். கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். பிற்பாடு சொன்னார், போலீஸ் வண்டி என்று வானொலி சொன்ன மறுநிமிடமே புரிந்துவிட்டதாம். "ரெண்டு அறிவாளியும் கூண்டுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கறத பாக்காம விட முடியுமா" என்றார். நான் அழுது பார்த்தேன், அதட்டிப் பார்த்தேன், மருத்துவர் புத்தி சொல்லிப் பார்த்தார். ஒன்றுக்கும் அசையாதவரை எங்கள் முட்டாள்தனம் வெளியே இழுத்து வந்தது.

வந்ததும் திறந்தாரா, அதுவும் இல்லை. வண்டியை நிதானமாக ஒரு சுற்று சுற்றினார். கண்ணாடியில் விரலால் தட்டி மாமாவைப் பார்த்து, "பேரென்ன, என்ன கேசு, கூட்டாளி யாரு" என்று விசாரித்தார். "அத்தான், விளையாடாதீங்க, மூச்சு முட்டுது" என்று மாமா அலறினான். "மூச்சு முட்டுறவன் இவ்ளோ சத்தமா பேச மாட்டான்" என்றார். தெருவில் ஆள் கூடிவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அப்பா கையை நீட்டிக் கதவைத் திறந்துவிட்டார்.

நாங்கள் இறங்கினோம். வீட்டுக்குத் திரும்புவார் என்று பார்த்தால் நாற்காலியை முன் கதவுப் பக்கம் உருட்டிப்போய் அதைத் திறந்தார். ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தினார், இரண்டு முறை. பிறகு என்னிடம், திரும்பிப் பார்க்காமலே, "இந்த மேட்ட அறுத்து எடுத்துடு. இது இருந்தா நான் நகந்து ஏற முடியாது" என்றார். நான் ஏற முடியாது என்றார், பாப்பா. மாமாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் கெட்டுப்போகும். நான் கத்தி எடுக்கப் போனேன்.

அப்புறம் வேலை பறந்தது. முதலில் பின் கதவு. அது உண்மையிலேயே சின்ன வேலைதான், மாமாவுக்கு அதில் இன்னும் வெட்கம். வலை இரண்டையும் கழற்றினோம். கூரையில் விளக்கு இருந்த துளைகளைப் பற்றவைத்து அடைத்தோம். எழுத்துதான் உயிரை எடுத்தது. முதல் பூச்சு காய்ந்ததும் சாய்ந்த வெயிலில் மறுபடி போலீஸ் என்று தெரிந்தது, தகடு தெரியும்வரை உரசிவிட்டு மறுபடி அடித்தோம். நிறம் அப்பா சொன்னது. கத்தரிப்பூ நிறம். "இந்தக் கலர்ல எந்த ஊர்லயும் போலீஸ் கிடையாது" என்றார். இருக்கை என் வேலை. ஓரத்து மேட்டை அறுத்தெடுத்து, சறுக்குவதற்கு அங்கே வழுவழு ரெக்சின், உட்கார்ந்த பிறகு நழுவாமலிருக்க நடுவில் சொரசொரப்புத் துணி. இத்தனை வருஷம் தைத்ததில் இதுதான் நல்ல இருக்கை. சொல்லிக்கொள்வதில் கூச்சமில்லை.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி வைத்தோம். முன்னால் தள்ளினால் பிரேக், கீழே அழுத்தினால் வேகம். காலியாகக் கிடந்த கிடங்கு மைதானத்தில் அப்பா பழகினார். முதல் நாள் இறங்கியதும், "கால் பிரேக்கத் தேடுது" என்றார், "அசையவே அசையாது, ஆனா தேடுது." மறுநாள் விடிந்ததும் அவரே மாமாவை எழுப்பிவிட்டார்.

மாற்றிய வண்டியையும் ஓட்டுபவரையும் சோதிக்கும் அலுவலகத்தில் முதல் முறை தேறவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். பரிசோதகர் ஒரு பெண், உன் வயதிருக்கும். எல்லாம் பார்த்துவிட்டு ஹாரன் அடிக்கச் சொன்னார். அப்பா அடித்தார், சைரன் ஊளையிட்டது. பானெட்டுக்கு அடியில் ஒரு ஒயரை மாமா மறந்திருக்கிறான். வரிசையில் நின்ற வண்டிகளெல்லாம் ஓரங்கட்டின. பரிசோதகர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ஐயா, இதோட நான் கையெழுத்துப் போட்டா என்னைத்தான் பின்னாடி ஏத்துவாங்க" என்றார். திரும்பி வரும்போது நான் அப்பாவின் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். அவர் மாமாவைத் திட்டிக்கொண்டே வந்தார், தெம்பாக, பழைய மாதிரி. நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று இரண்டாம் முறை. ஹாரன் ஹாரனாகவே அடித்தது. ஓட்டிக் காட்டுங்கள் என்று பரிசோதகர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வாயிலைத் தாண்டி, சந்தைத் தெருவில் திரும்பி, கண்ணிலிருந்து மறைந்தார்கள். மாமா நகத்தைக் கடித்தான், நான் அவன் கையைத் தட்டிவிட்டு என் நகத்தைக் கடித்தேன். திரும்பி வந்து, இரண்டு லாரிகளுக்கு நடுவில், ஒரே மூச்சில் பின்னால் எடுத்து நிறுத்தினார். பரிசோதகர் இறங்கி வந்து என்னிடம், "பெரிய வண்டி ஓட்டினவரா, திருப்பத்துல பொறுமையப் பாத்தாலே தெரியுது" என்றார். கையெழுத்து விழுந்தது. வண்டி நம்முடையது, ஓட்டுநர் உன் அப்பா. வீட்டுக்கு வரும்போது முன்னால் போன கார்கள் எல்லாம் கண்ணாடியில் இதன் உருவத்தைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தன. கத்தரிப்பூ நிறமாவது ஒன்றாவது. "முன்னாடி போறவன்லாம் திடீர்னு யோக்கியனாயிடுறான்" என்று அப்பா சிரித்தார். பின் இருக்கையில் நான். எனக்குக் குமட்டவில்லை.

ஆகவே வேலையை விடாதே. நீ வருவதாக எழுதியதைப் படித்து அப்பா அன்று சாப்பிடாமல் படுத்தார், அதையும் இப்போதுதான் சொல்கிறேன். விடுமுறைக்கு வா, ரயிலடிக்கு அவரே வந்து அழைத்துப் போவதாகச் சொல்லச் சொன்னார். பெட்டி அதிகம் கொண்டுவராதே, நாற்காலிக்கும் இடம் வேண்டும். இருமலுக்கு மருத்துவரைப் பார், தள்ளிப்போடாதே, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே. மேலாளர் முறைத்தால் முறைக்கட்டும். மாமாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, சைரனைப் பற்றிக் கேட்காதே. எங்கே இருந்தாலும் நீ நினைத்தது கைகூடி, நோய்நொடி அண்டாமல், சிரித்த முகமாக இருக்க வேண்டும். எங்கள் இருவருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

முத்தங்களுடன்
உன் அம்மா

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் வண்டியைக் காணோம். மடித்த நாற்காலியைப் பக்கத்து இருக்கையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அப்பா தனியாகவே கிளம்பிப் போயிருக்கிறார். எங்கே என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீட்டில் நான் மட்டும் இருந்து எவ்வளவு காலமாயிற்று. ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு, பட்டப்பகலில் படுத்துத் தூங்கினேன்.