கேப்டனைக் காணோம்

12 ஆகஸ்ட் 2013, திங்கள்

ஜெப்ரினை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் சத்தமே இல்லை. அவர் செகண்ட் ஷிப்ட் போய்விட்டார். நானும் மிக்ஸியும்தான்.

முதல் வருடப் பிள்ளைகள் லேப்டாப், இன்டர்நெட் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாதாம். அதனால் கிளம்பும்போது எனக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். பத்தாவது படித்த காலத்திலிருந்து கம்ப்யூட்டரில் ஒரு கால்பந்து ஆட்டம் ஆடுகிறான். பந்தை உதைக்கிற ஆட்டம் இல்லை, டீமுக்கு மேனேஜராக இருக்கிற ஆட்டம். யாரை இறக்குவது, யாரை விற்பது, யாரை உட்கார வைப்பது என்று நாம் சொல்லிவிட்டால் போதும். வெளிநாட்டில் எங்கோ இருக்கிற கம்ப்யூட்டர் ஆட்டத்தை நடத்தி, நடந்ததை வரிவரியாக எழுதிக் காட்டும். ஆட்டக்காரர்கள் பொய். எதிர் டீம் மேனேஜர்கள் எல்லாம் நிஜ மனிதர்கள், உலகம் முழுக்க. எங்கள் வீட்டு டீமின் பெயர், அவர் வேலை பார்க்கிற பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் ஞாபகமாக, லிக்னைட் லயன்ஸ். கொஞ்ச நாள் யாரும் திறந்து பார்க்காவிட்டால் டீமையே அழித்துவிடுவார்களாம்.

"தினம் ஒருவாட்டி உள்ள போய்ட்டு வெளிய வந்துடு. வேற எதையும் தொடாதம்மா" என்று சொல்லியிருக்கிறான்.

இன்று போனேன். வந்தேன். தொடவில்லை.

19 ஆகஸ்ட்

தொட்டுவிட்டேன்.

20 ஆகஸ்ட்

என்ன செய்வது? இடது பக்கம் ஓடுகிற பையனின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு. களைப்பாம். களைத்தவனை மறுபடி மறுபடி ஓடவிடலாமா? நைட் ஷிப்ட் முடித்து வந்த மனுஷனை உடனே கேஸ் சிலிண்டர் தூக்கச் சொல்வேனா? (சொல்லியிருக்கிறேன். அது வேறு.) அவனை உட்கார வைத்துவிட்டு, பெஞ்சிலேயே கிடந்த வேறொரு பையனை இறக்கினேன். மூன்று கோல். மூன்றுக்கும் பந்து கொடுத்தது என் புதுப் பையன்.

ஹாலில் நின்றுகொண்டு தனியாகக் கைதட்டினேன். பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். மூன்று கோல் போட்டோம் என்றேன். யார் போட்டது என்று கேட்டாள். கொஞ்சம் யோசித்து, நாங்கதான் என்றேன்.

1 செப்டம்பர், ஞாயிறு

பூசையில் ஃபாதர் பன்னிரண்டு அப்போஸ்தலர்களைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். பதினொருவர் ஆட, ஒருவர் மாற்று ஆட்டக்காரர் என்று என் மனம் தானாகப் பிரித்துக்கொண்டது. கோல் கீப்பர் பேதுரு. அதில் சந்தேகமே இல்லை. யோவானை முன்னால் விடலாம், வயது குறைவு.

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? என்ன பாவத்தில் சேரும்?

9 செப்டம்பர்

ஐயோ. கோல் கீப்பரை விற்றுவிட்டேன். விவரம் பார்க்கிற பட்டனுக்குப் பக்கத்திலேயே விற்கிற பட்டனை வைத்திருக்கிறான்கள் பாவிகள். விரல் தவறிப் பட்டது, ஆள் போலந்துக்குப் போயாச்சு. ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஒரு முழம் மல்லி வாங்கினால்கூட இதுவா அதுவா என்று பூக்காரி இரண்டு தடவை கேட்கிறாள்!

அந்த ஆட்டத்திலேயே மேனேஜர்கள் கூடிப் பேசுகிற ஒரு பக்கம் இருக்கிறது. யோசனை சொல்ல அங்கே தனி இடம். போய் எழுதினேன். என் பிளஸ் டூ இங்கிலீஷை வைத்துக்கொண்டு, ஜெப்ரின் பெயரில்தான். விற்பதற்கு முன் "நிச்சயமா?" என்று ஒரு தடவை கேளுங்கள், அவ்வளவுதான்.

16 செப்டம்பர்

கேட்கிறது! கேட்கிறது! விற்கிற பட்டனை அழுத்தினால் "நிச்சயமா?" என்று ஒரு சின்னப் பெட்டி வருகிறது. ஆட்டத்தை நடத்துகிற யோஹான் என்பவர் பதில் போட்டிருக்கிறார்: நல்ல யோசனை ப்ரோ, செய்துவிட்டோம்.

நான் ப்ரோவாம்.

உலகத்தில் எந்த மூலையில் எவன் ஆளை விற்கப் போனாலும் இனி என் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். மதியம் முழுக்க ஒவ்வொரு ஆளாக விற்கிற மாதிரிப் போய், பெட்டி வந்ததும் "இல்லை" என்று அழுத்திவிட்டுத் திரும்பினேன். குழம்பு அடிப்பிடித்தது. அவர் சாப்பிட உட்கார்ந்து மோந்து பார்த்துவிட்டு, மாடு மேய்க்கிற மாதிரி பதினொரு பேரை மேய்த்துக்கொண்டிருந்தால் குழம்பு எப்படி இருக்கும் என்றார். பன்னிரண்டு என்றேன். புது கீப்பர் வந்திருக்கிறான்.

30 செப்டம்பர்

அவருடைய செக்‌ஷனில் சடையப்பன் அண்ணனுக்கு இன்று ரிடையர்மென்ட். வழக்கம்போல ஷிப்ட் முடிந்ததும் எல்லோருமாக மாலை போட்டு, பேண்டு வாசித்து, வேனில் வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். பிளாக்கே வாசலில் நின்றது. அண்ணன் சிரித்துக்கொண்டே இறங்கியவர், படியேறும்போது மட்டும் திரும்பி வேனைப் பார்த்தார். வேன் கிளம்பவே இல்லை, அவர் உள்ளே போகிற வரை.

2 அக்டோபர்

பெரானியைக் காணோம்.

எங்க கேப்டன். முப்பத்தைந்து வயசு. ஜெப்ரின் வாங்கிய முதல் ஆள். காலையில் திறந்தால் பட்டியலில் பேரே இல்லை. தேடித் தேடிப் பார்த்தால் மூலையில் ஒரே ஒரு வரி — ஓய்வு பெற்றார். அவ்ளோதானா? நேத்து வரைக்கும் ஓடினவன்யா அவன்! ஒரு மாலை இல்ல, ஒரு கைதட்டு இல்ல. எச்சில் இலை எடுக்கிற மாதிரி எடுத்துட்டானுங்க.

பொம்மைதான். தெரியும். பொம்மைக்கு அழுகிறேன் என்று தெரிந்தேதான் அழுகிறேன்.

3 அக்டோபர்

எழுதிவிட்டேன். நீளமாக. ஓய்வு பெறப்போகிற ஆளைப் பற்றி முன்னாலேயே சொல்ல வேண்டும். அவனுக்கென்று ஒரு வழியனுப்பு ஆட்டம் வேண்டும், எதிர் டீமை அவனுடைய மேனேஜரே கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்த பிறகு அவனைப் பயிற்சியாளராக வைத்துக்கொள்ள ஒரு வழியும் வேண்டும். சடையப்பன் அண்ணன் வேனில் வந்து இறங்கியதையும் எழுதினேன்.

7 அக்டோபர்

யோஹான் பதில்: அழகான யோசனை, ஆனால் பெரிய வேலை. மாதக் கடைசிக்குள் நூறு மேனேஜர்கள் ஓட்டுப் போட்டால் செய்வோம்.

நூறா? எனக்குத் தெரிந்த மேனேஜர் நான் ஒருத்திதானே.

20 அக்டோபர், ஞாயிறு

ஓட்டு இருபதைத் தாண்டவில்லை. ஆனால் இன்று ஒரு காரியம் செய்தேன். இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது.

மதியம் அன்பியக் கூட்டம், அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது, இந்தத் தடவை எங்கள் வீட்டில். ஜெபம் முடிந்ததும் யாரையும் விடவில்லை. ஏஞ்சலின் டீச்சரைப் பிடித்து உட்கார வைத்தேன். வாழைக்காய் பஜ்ஜி வாசனைக்கு வள்ளியம்மாள் வந்தாள், கூடவே எதிர்வீட்டு ராஜாம்பாள், மாடிவீட்டுப் பேச்சியம்மாள். பெரானி கதையைச் சொன்னேன். ராஜாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொருத்தராக எங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டீம் ஆரம்பித்தார்கள். வள்ளி யுனைடெட், ஹோலி ஏஞ்சல்ஸ், முருகா லெவன், திருநெல்வேலி டைகர்ஸ். இன்னும் வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும். ஆரம்பித்த கையோடு ஓட்டு.

தேர்தலில்கூட இப்படி உற்சாகமாகப் போட்டதில்லை என்றார் டீச்சர்.

22 அக்டோபர்

உள்ளே விடமாட்டேன் என்கிறது. சிவப்பு எழுத்து. ஒரே ஆள் ஒரே கம்ப்யூட்டரில் பல பொய் டீம்கள் ஆரம்பித்துக் கள்ள ஓட்டுப் போட்டதால் லிக்னைட் லயன்ஸ் முடக்கப்படுகிறது. ஒரு வாரத்துக்குள் தக்க விளக்கம் வராவிட்டால் நீக்கப்படும்.

கள்ள ஓட்டா? நானா? மாதாவே. எம் புள்ள மூணு வருஷமா வளர்த்த டீம்.

23 அக்டோபர்

ஹாஸ்டலுக்குப் போன் போட்டு ஜெப்ரினிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

"நீ எழுதினியா? எம் பேர்லயா?" என்றான்.

ஆமாம் என்றேன். என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டான். ப்ரோ என்று சொன்னேன். அப்புறம் அவன் சிரித்த சிரிப்பில் ஹாஸ்டல் வார்டனே வந்து என்னவென்று கேட்டாராம். கோபமில்லையே என்றதற்கு, டீம் போனால் கோபம் வரும், போகாமல் பார் என்றான்.

எப்படிப் பார்ப்பது?

24 அக்டோபர்

அவர் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்தபோது நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தச் சிவப்பு எழுத்தை இரண்டு தடவை படித்தார்.

"இன்னாத்துக்கு அழுதுகினு இருக்கே? ஆளுங்க நெசந்தான்னு காட்டணும், அவ்ளோதானே. எல்லாரையும் வரச் சொல்லு" என்றார்.

வரச் சொன்னேன். எல்லோரையும் குவார்ட்டர்ஸ் வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தினார். ஆளுக்கொரு சிலேட்டு, சிலேட்டில் அவரவர் டீம் பெயர். பேச்சியம்மாள் பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு வரும்வரை காத்திருந்தோம். இன்னும் கிட்டக் கிட்ட, ஹோலி ஏஞ்சல்ஸ் கொஞ்சம் இடது பக்கம் என்று அவர் போனை வைத்துக்கொண்டு அதட்டியதைப் பார்த்தால், இவர் இத்தனை நாள் எங்கே இருந்தார் என்று தோன்றியது.

சிவப்பு எழுத்துக்குக் கீழே இருந்த ஈமெயில் முகவரிக்கு, யோஹானுக்கு எழுதினேன். நான் ப்ரோ இல்லை, அன்னாள், வயது நாற்பத்தாறு. டீம் என் மகனுடையது. இவர்கள் என் அக்கம்பக்கம், எல்லோருக்கும் உயிர் இருக்கிறது. தப்பு என்றால் என் ஓட்டை எடுத்துவிடுங்கள், டீமை விட்டுவிடுங்கள். ஃபோட்டோவையும் சேர்த்து அனுப்பினேன்.

25 அக்டோபர்

பதில் இல்லை.

26 அக்டோபர்

இல்லை. அவர் ஷிப்டிலிருந்து போன் செய்து பதில் வந்ததா என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து ஷிப்டிலிருந்து எனக்குப் போன் செய்ததே கிடையாது.

28 அக்டோபர்

வந்துவிட்டது!

ஃபோட்டோவை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்களாம். ஒரே கம்ப்யூட்டரில் ஒரு டீம்தான் என்பது விதி, அதை மாற்ற முடியாது. சொந்தக் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களின் ஓட்டு மட்டும் செல்லும். லயன்ஸைத் திறந்துவிட்டார்கள். ஆனால் மேனேஜர் யார் என்று தெளிவாகச் சொல்ல வேண்டுமாம். ஜெப்ரினா, அன்னாளா?

ஜெப்ரினிடமே கேட்டேன்.

"நான் வுட்டுட்டு வந்தப்ப மூணாவது டிவிஷன். இப்ப ரெண்டாவதுல இருக்கு. நீயே வச்சிக்கம்மா" என்றான்.

திரையில் இப்போது மேனேஜர்: அன்னாள். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருக்கலாம் என்றார்.

2 நவம்பர், தீபாவளி

எங்கள் அனுமதியோடு யோஹான் ஃபோட்டோவை மேனேஜர்கள் பக்கத்தில் போட்டாலும் போட்டார், ஓட்டு கொட்டுகிறது. கெடுவையும் இந்த வாரம் வரை நீட்டியிருக்கிறார். பிரேசில்காரர் ஒருவர் பட்டுப்புடவை கட்டியவர் எந்த டீம் என்று கேட்டிருக்கிறார். பேச்சியம்மாளிடம் சொல்லப் போனேன், அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டிலிருந்து வந்த அதிரசத்தைத் தின்றுகொண்டே பார்த்தேன். நூறு தாண்டியாச்சு. வாசலில் யார் வெடித்த சரமோ, எங்களுக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

11 டிசம்பர்

மற்றவர்கள் மெல்ல நழுவிவிட்டார்கள். வள்ளியம்மாள் மட்டும் விடவில்லை. மகள் அன்புக்கரசிக்கு ஸ்கூலில் கொடுத்த அரசாங்க லேப்டாப்பில், தைத்துக்கொண்டே ஆடுகிறாள். விலை குறைவு என்று கிழட்டு ஆட்களாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறாள். அப்படியும் போன வாரம் என்னை ஜெயித்தாள். இரண்டு நாள் பேசவில்லை நான். அப்புறம் இட்லி மாவு கேட்கப் போக வேண்டியதாயிற்று.

20 ஜனவரி 2014

வழியனுப்பு ஆட்டம் வந்துவிட்டது. நான் கேட்டது கேட்டபடி. பெரானிக்கும் ஒன்று நடத்த முடியுமா என்று யோஹானிடம் கேட்டேன். அழிந்தது அழிந்ததுதானாம், வருத்தப்பட்டு எழுதியிருந்தார். சரி. இனிமேல் போகிறவர்களாவது சொல்லிக்கொண்டு போகட்டும்.

2 பிப்ரவரி, ஞாயிறு

முதலில் ஓய்வு பெற்றது வள்ளி யுனைடெட்டின் கோல் கீப்பர். எதிர் டீமாக வள்ளியம்மாள் எங்களைக் கூப்பிட்டாள். அவள் வீட்டில் லேப்டாப்பை மிஷின் மேல் வைத்து எல்லோரும் சுற்றி நின்றோம். அவர் சடையப்பன் அண்ணனையும் அழைத்து வந்திருந்தார், ஏதோ மேட்ச் என்று சொல்லி. அண்ணனும் கை கட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

கீப்பருக்கு வயதாகிவிட்டது, பாவம். நாங்கள் நாலு கோல் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கடைசியில் ஒரே ஒரு பெனால்டி. அதைப் பிடித்துவிட்டான். "மைதானம் எழுந்து நிற்கிறது" என்று திரையில் வந்தது. நாங்கள் முன்னாலிருந்தே நின்றுகொண்டிருந்ததால் கைதட்டினோம். அண்ணன்தான் கடைசியாக நிறுத்தினார்.

வள்ளியம்மாள் அவனைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டாள். சம்பளம் கட்டுப்படியாகாது என்று சொன்னேன், கேட்கவில்லை.

3 பிப்ரவரி

காலையில் அவர் கிளம்பிப் போனதும் வள்ளியம்மாள் வந்தாள். கையில் டேப்கூட அப்படியே தொங்குகிறது. ராத்திரியெல்லாம் ஒன்று தோன்றிக்கொண்டே இருந்ததாம்.

"ஆட்டக்காரங்க அத்தினி பேரும் ஆம்பளையாவே இருக்காங்களேக்கா. பொம்பளைங்க டீம்னு ஒண்ணு அதுல கெடையாதா?"

ஆறு மாதமாக ஆடுகிறேன். எனக்கு இது தோன்றவே இல்லை.

உன் பெயரில் எழுதினால்தான் எடுபடும், எழுதிப் போட்டுவிடு என்றாள். நான் எழுந்து நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். ஒற்றை விரலால் முதலில் அவள் பெயரைத் தேடித் தேடி அடிக்கிறாள். நான் டீ போட வந்தேன்.