கியர்பாக்ஸ் கெட்டதற்கு மாமா காரணமில்லை

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். நான் நலம். சமைக்கக் கற்றுக்கொண்டேன், அதைச் சாப்பிடத்தான் தைரியம் வரவில்லை. டயாலிசிஸ் முடிந்து வந்தால் அம்மா கொஞ்சமாவது சாப்பிடுகிறாளா?

நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்கு நேற்று நம் வேனைப் போலவே ஒன்று வந்தது. மூன்று வயதுதான், அதற்குள் கியர்பாக்ஸ் போய்விட்டது. மாஸ்டர் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார்.

"எந்த மகராசன்டா கியர்பாக்ஸ்ல இன்ஜின் ஆயிலை ஊத்தினது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்; சிரித்துக்கொண்டே மாஸ்டர் கண்ணில் படாமல் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

ஏனென்றால் நம் வீட்டு மகராசன் நான்தான் அப்பா. இங்கே கிளம்புவதற்கு முதல் நாள், உங்களுக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று, இரண்டும் எண்ணெய்தானே என்று, மீதியிருந்த இன்ஜின் ஆயிலை நம் வேனின் கியர்பாக்ஸில் ஊற்றினேன். நம் வேனும் கெட்டு நின்றதும், சர்வீஸ் செய்த மெக்கானிக் மாமாவை நீங்கள் திருடன் என்று தெருவில் வைத்துத் திட்டினீர்களாம். அம்மா ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறாளாம். தங்கச்சி சொன்னாள். போனில் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மாவின் பழைய போர்வை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

மாஸ்டர் கூப்பிடுகிறார். முதலில் மாமா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள் அப்பா. என்னை அப்புறம் திட்டலாம். நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்?

உங்கள் மகன்